சிறிய ஃபுல்ரேஞ்ச் ஸ்பீக்கரின் ஒலியையும் மதிப்பையும் எடைபோடுவது எப்படி?

ஃபுல்ரேஞ்ச் ஸ்பீக்கர் என்றால் ஒரே ஒரு கூம்பு. உச்ச ஒலிகளுக்குத் தனி ட்வீட்டர் கிடையாது, அடி ஒலிகளுக்குத் தனி வூஃபர் கிடையாது, ஒலியைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் சர்க்யூட்டும் கிடையாது. மூன்று முதல் ஐந்து அங்குலம் வரை அகலமுள்ள அந்தக் கூம்பே பாடகரின் குரலையும் வயலினின் கீற்றையும் டிரம்மின் அடியையும் ஒருசேரச் சுமக்கிறது. மனிதச் செவி கேட்கும் எல்லை 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. அதை முழுவதும் சீராகத் தரக்கூடிய சிறிய கூம்பு எதுவும் இல்லை. அடியில் கொஞ்சம் போகும், உச்சியில் கொஞ்சம் போகும். அப்படியிருந்தும் இதை ஏன் வாங்க வேண்டும்?

நடுப்பகுதிக்காகத்தான். வழக்கமான இரட்டை ஸ்பீக்கர்ப் பெட்டிகளில் வூஃபரிலிருந்து ட்வீட்டருக்கு ஒலி கைமாறும் இடம் பெரும்பாலும் 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள் அமைகிறது. நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் ஏறக்குறைய அதே பகுதியில்தான். பேச்சின் தெளிவும் அங்கேதான் இருக்கிறது. ஃபுல்ரேஞ்சில் அந்த இடத்தில் தையல் இல்லை. குரல் முழுவதும் ஒரே புள்ளியிலிருந்து புறப்பட்டு வருகிறது. ஆரடோன் 5சி என்ற ஒற்றைக் கூம்புப் பெட்டியை ஒலிப்பதிவுக் கூடங்களில் பெரிய மானிட்டர் ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில் வைத்து, கலவையில் குரல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பொறியாளர்கள் சரிபார்த்ததற்குக் காரணம் இதுவே. ஜப்பானின் ஃபோஸ்டெக்ஸ் 1964-இல் கொண்டுவந்த எஃப்இ103 என்ற நான்கு அங்குல ஸ்பீக்கரின் வழித்தோன்றல்கள் இன்றுவரை விற்பனையில் இருப்பதற்கும் இதைத் தவிர வேறு பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே அளவுகோல்தான்: குரலில் தோற்கும் ஃபுல்ரேஞ்ச் ஸ்பீக்கரை வாங்காதீர்கள். மற்ற குறைகளை ஈடுகட்ட வழிகள் உண்டு. இந்தக் குறையை ஈடுகட்ட முடியாது.

முதல் படி: எங்கே, எவ்வளவு சத்தமாகக் கேட்பீர்கள்?

கடைக்குப் போவதற்கு முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள். நீங்கள் உட்காரும் இடத்துக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் என்றால் சிறிய ஃபுல்ரேஞ்ச் மிகவும் பொருத்தம். இரண்டரை மீட்டர் வரை யோசிக்கலாம். அதற்கு மேல், பெரிய கூடத்தில், நண்பர்கள் கூடி ஆடும் அளவுக்குச் சத்தம் வேண்டும் என்றால் வேறு வகை ஸ்பீக்கரைத் தேடுவதே நல்லது.

இதன் காரணம் எளிமையானது. ஒரே அளவு சத்தத்தை 100 ஹெர்ட்ஸுக்குப் பதிலாக 50 ஹெர்ட்ஸில் தர வேண்டுமானால் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் நகர வேண்டும். மூன்று அங்குலக் கூம்பின் பரப்பு ஆறு அங்குலக் கூம்பின் பரப்பில் கால்பங்குதான். அந்தக் குறையையும் நகர்ந்தே ஈடுகட்ட வேண்டும். சில மில்லிமீட்டருக்கு மேல் அதனால் நகர முடியாது. திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தருவதால் இழப்பு சற்றுக் குறைவு. இந்த எல்லைகள் தயாரிப்பாளரின் திறமையால் மறைந்துவிடுபவை அல்ல.

இரண்டாம் படி: விவரத்தாளைப் படிப்பது

எண்கள் பொய் சொல்வது அரிது. பாதியைச் சொல்லாமல் விடுவதுதான் அதிகம். ‘70 ஹெர்ட்ஸ் – 20,000 ஹெர்ட்ஸ்’ என்று மட்டும் போட்டிருந்தால் அதில் பயன் இல்லை. பக்கத்தில் ‘± 3 டெசிபல்’ என்பது போன்ற எல்லை இருக்க வேண்டும். எல்லை சொல்லாத 70 ஹெர்ட்ஸ் என்பது, அந்த இடத்தில் ஒலி பத்து டெசிபல் விழுந்த பிறகு எடுத்த கணக்காகவும் இருக்கலாம். பத்து டெசிபல் குறைந்தால் நம் காதுக்குச் சத்தம் ஏறத்தாழ பாதியாகத் தோன்றும்.

கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தரும் என்று சொல்லும் உணர்திறன் எண்ணையும் கவனியுங்கள். பெரும்பாலும் 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டரில் அளந்ததாக இருக்கும். மின்தடை 8 ஓம் உள்ள ஸ்பீக்கரில் அது 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கரில் அதே வோல்ட் 2 வாட் ஆகிவிடும். எனவே 4 ஓம் ஸ்பீக்கரின் 87 டெசிபலை 8 ஓம் ஸ்பீக்கரின் 84 டெசிபலோடுதான் ஒப்பிட வேண்டும். சத்தத்தை 3 டெசிபல் உயர்த்த ஆம்ப்ளிஃபயர் இருமடங்கு சக்தி தர வேண்டும் என்பதால் இது சிறிய வேறுபாடு அல்ல.

‘60 வாட் தாங்கும்’ என்ற வரியைக் கடந்து போய்விடலாம். அது, கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) எவ்வளவு வெப்பம் தாங்கும் என்பதைச் சொல்கிறது. பேஸ் எனும் அடி ஒலி நிறைந்த இசையில் அந்தச் சுருள் சூடாவதற்கு வெகு முன்பே கூம்பு தன் நகர்வின் எல்லையை முட்டிவிடும்.

எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் வரைபடம் கொடுத்திருந்தால் முதலில் இடப்பக்க அளவுகோலைப் பாருங்கள். 100 டெசிபலை ஒரு சிறிய கட்டத்துக்குள் அடக்கினால் எந்த மேடுபள்ளமும் சமவெளியாகத் தெரியும். நேர் எதிரே அளந்த கோட்டோடு 30 டிகிரி பக்கவாட்டில் அளந்த கோட்டையும் வெளியிடுபவர்கள் பெரும்பாலும் நாணயமானவர்கள். 5,000 முதல் 10,000 ஹெர்ட்ஸ் வரை கூர்மையான மேடு இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். கூம்பு ஒரே துண்டாக நகர்வதை விட்டு, அதன் பகுதிகள் தனித்தனியே அதிரத் தொடங்கும் இடம் அது. நான்காம் படியில் அதைக் காதால் தேடப் போகிறோம்.

மூன்றாம் படி: கேட்பதற்கான ஏற்பாடு

இந்தப் படியைத்தான் புதியவர்கள் தாண்டிப் போகிறார்கள். ஏற்பாடு கோணலானால் தீர்ப்பும் கோணலாகும்.

கூம்பின் நடுப்புள்ளி உங்கள் காது உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டு ஸ்பீக்கர்களும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக அமையட்டும். கடையில் அலமாரிக்குள் பத்துப் பெட்டிகளுக்கு நடுவே செருகி வைத்திருந்தால், வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்; மறுத்தால் அங்கே கேட்டதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வீட்டில் நீங்கள் பயன்படுத்தும் ஆம்ப்ளிஃபயரையே கொண்டுபோக முடிந்தால் மிகவும் நல்லது. குறிப்பாக, டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் வால்வ் ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம். ஃபுல்ரேஞ்ச் ஸ்பீக்கரின் மின்தடை அடியில் ஒரு இடத்தில் மலைபோல் எழும். உச்சியை நோக்கியும் ஏறும். வெளியீட்டு மின்தடை அதிகமுள்ள வால்வ் ஆம்ப்ளிஃபயர்கள் அந்த இடங்களில் ஒலியைக் கூட்டிக் கொடுத்துவிடும். அதே ஸ்பீக்கர் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் மெலிந்து ஒலிக்கலாம்.

இரண்டு ஜோடிகளை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமப்படுத்தியே தீர வேண்டும். அரை டெசிபல், ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதைக் காது ‘சத்தம் அதிகம்’ என்று உணராது. ‘இது நன்றாக இருக்கிறது’ என்று உணரும். பிங்க் நாய்ஸ் எனப்படும் சோதனை ஒலியை ஓடவிட்டு, கைப்பேசியின் ஒலி அளவு செயலியை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து இரண்டையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். செயலி காட்டும் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் கவலையில்லை. ஒப்பிடுவதற்கு அது போதும்.

முடிந்தால் கண்ணையும் விலக்குங்கள். ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பீக்கரைப் பார்த்தபடி கேட்டவர்களின் மதிப்பெண்களும் திரைக்கு மறைவில் வைத்துக் கேட்டபோது அவர்களே கொடுத்த மதிப்பெண்களும் வேறுபட்டன. பழகிய காது உடையவர்களும் இதற்கு விலக்கில்லை. ஒரு மெல்லிய துணித்திரையும், மாற்றி மாற்றி இணைக்க ஒரு நண்பரும் இருந்தால் போதும்.

சத்தம் நீங்கள் வழக்கமாகக் கேட்கும் அளவில் இருக்கட்டும். ஒலி குறையும்போது நம் காது அடி ஒலிகளைத்தான் முதலில் கைவிடும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-இலேயே இதை அளந்து காட்டினார்கள். கடைக்காரர் ஏற்றிவைக்கும் சத்தத்தில் நிறைவாகத் தெரிந்த ஸ்பீக்கர், இரவில் மெதுவாகக் கேட்கும்போது வற்றிப்போய்த் தெரிவது இதனால்தான்.

நான்காம் படி: கேட்பது

முதலில் குரல். ஓர் ஆண் குரல், ஒரு பெண் குரல், இரண்டிலும் பின்னணி இசை மிகக் குறைவாக இருக்க வேண்டும். அதோடு நீங்கள் நன்கு அறிந்த ஒருவர் பேசிய பதிவு ஒன்றும் தேவை. வீட்டிலேயே ஒருவரை அமைதியான அறையில் கைப்பேசியில் பேசவைத்துப் பதிவு செய்யலாம். பாடகரின் நிஜக் குரல் எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியாது. அம்மாவின் குரல் தெரியும். எந்த இசைத்தட்டும் தராத சோதனை அது.

இப்போது கேளுங்கள். ஆண் குரலில் நெஞ்சின் கனம் இருக்கிறதா? 100 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி அது. தொண்டையிலிருந்து மட்டும் பேசுகிறார், உடம்பே இல்லை என்று தோன்றினால் பெட்டியின் முகப்புப் பலகையைப் பாருங்கள். மேல் ஒலிகளை அந்தப் பலகை முன்னோக்கித் தள்ளும். கீழ் ஒலிகளோ பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் பரவிவிடும். பலகை 15 செ.மீ. அகலம் என்றால் ஏறத்தாழ 750 ஹெர்ட்ஸை ஒட்டி இந்த மாற்றம் நிகழும். அதற்குக் கீழே முன்னால் இருப்பவருக்கு 6 டெசிபல் வரை குறையலாம். நல்ல தயாரிப்பாளர் ஒரு கம்பிச்சுருளும் ரெசிஸ்டரும் கொண்ட சிறு சர்க்யூட்டால் இதைச் சரிக்கட்டியிருப்பார். ‘சிக்னல் பாதையில் ஒன்றுமே இல்லை, தூய ஒலி’ என்று பெருமையாக விளம்பரம் செய்பவர் சரிக்கட்டாமல் விட்டிருப்பார். ஒன்றுமில்லாமல் மெலிந்து ஒலிப்பதைவிட இரண்டு பாகங்களைச் சேர்த்துச் சரியாக ஒலிப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து. சுவருக்கு அருகில் தள்ளி வைத்துப் பாருங்கள். கனம் திரும்பி வந்தால் இந்த ஸ்பீக்கர் சுவரை ஒட்டி வைப்பதற்கானது என்று பொருள்.

அடுத்து, குரல் குவித்த கைகளுக்குள் பேசுவதுபோல் கேட்கிறதா? 500 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரை பெட்டியோ கூம்போ தானும் சேர்ந்து பாடுகிறது. பெண் குரல் உச்சத்துக்கு ஏறும்போது திடீரென்று முகத்துக்கு நேரே வந்து கத்துகிறதா? 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை மேடு இருக்கிறது. ஃபுல்ரேஞ்ச் ஸ்பீக்கர்களின் பொதுநோய் இது. கெட்டது என்னவென்றால், முதல் ஐந்து நிமிடம் இதே மேடு ‘அடடா, என்ன தெளிவு!’ என்று மயக்கும். ஆகவே குறைந்தது அரை மணி நேரம் உட்காருங்கள். சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று கை தானாகப் போனால் அந்த ஜோடியை விட்டுவிடுங்கள்.

பிறகு உரசொலிகள். ‘ஸ்’, ‘ஷ்’ ஒலிகள் நிறைந்த வரிகளைத் தேர்ந்தெடுங்கள். ‘ஸ்’ சீறிப் பிரிந்து குரலுக்கு வெளியே தனியாக நின்றால், விவரத்தாளில் பார்த்த மேடு இதுதான். சில ஸ்பீக்கர்களில் கூம்பின் நடுவே இன்னொரு சிறு கூம்பு ஒட்டியிருக்கும். உச்ச ஒலிகளை நீட்டுவதற்காக அதை வைக்கிறார்கள். கரகரப்பு அங்கிருந்தும் வரலாம்.

இந்த இடத்தில் தலையை நகர்த்திப் பாருங்கள். அலைநீளம் கூம்பின் அகலத்துக்கு நெருங்கும்போது ஒலி விரியாமல் டார்ச் வெளிச்சமாகக் குவியத் தொடங்கும். நான்கு அங்குல ஸ்பீக்கரின் அசையும் பகுதி ஏறத்தாழ 8 செ.மீ.; 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் குவிதல் நன்றாகத் தெரியும். ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாலே வயலினின் மினுமினுப்பு மங்கும். ஓரளவு மங்குவது இயல்பு. நேர் எதிரே கூர்மையாகவும் பக்கத்தில் போர்வை போர்த்தியதாகவும் முற்றிலும் மாறினால், தனியாக ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு மட்டுமே அது உதவும். பல ஃபுல்ரேஞ்ச் ஸ்பீக்கர்கள் நேராகக் காதைப் பார்க்காமல் 15 டிகிரி விலகி நிற்கும்போது சமநிலையாக ஒலிக்கும். ‘கத்துகிறது’ என்று ஒதுக்குவதற்கு முன் அந்தக் கோணத்தையும் முயலுங்கள்.

பேஸ் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நல்ல பெட்டியில் நான்கு அங்குல ஸ்பீக்கர் 70, 80 ஹெர்ட்ஸ் வரை மரியாதையாக இறங்கினால் திருப்தி அடையலாம். பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். ஆனாலும் அந்தச் சுரம் உங்களுக்குக் கேட்கும், ஏனெனில் மேலே உள்ள இணைச்சுரங்களை வைத்து மூளை அடியை ஊகித்துக்கொள்கிறது. கவனிக்க வேண்டியது ஆழத்தை அல்ல, சீரை. பேஸ் கிதார் படிப்படியாக இறங்கும்போது ஒரு சுரம் மட்டும் ‘தொம்’ என்று வீங்கினால் பெட்டியில் காற்றுக்காக விட்டிருக்கும் துளை தவறாகச் சுருதி கூட்டப்பட்டிருக்கலாம். துளையில் சுருட்டிய துணியை அடைத்துக் கேளுங்கள்; வீக்கம் போய் நிதானம் வந்தால் வீட்டிலும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக நெரிசல் சோதனை. தனிக்குரலில் தேவதை போல் பாடிய ஸ்பீக்கர் பலவற்றின் உண்மை நிலை இங்கேதான் வெளிப்படும். கூட்டுப் பாடலும் டிரம்மும் வாத்தியக் குழுவும் ஒன்றாக எழும் பகுதியைப் போடுங்கள். ஒவ்வொரு டிரம் அடிக்கும் குரல் நடுங்குகிறதா, குழம்புகிறதா? ஒரே கூம்பு பெரிதாக அசைந்துகொண்டே நுண்ணிய அதிர்வையும் தரும்போது ஒன்று மற்றதைக் கலைக்கும். 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை வடிகட்டி, அடி ஒலிக்கென்றே உள்ள ஒரு சப்வூஃபருக்குக் கொடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் பெருமளவு தீரும். எதிர்காலத்தில் சப்வூஃபர் சேர்க்கும் எண்ணம் இருந்தால் வடிகட்டியோடும் ஒருமுறை கேட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் ஒரே மோனோ ஒலியைக் கொடுத்துப் பார்க்கவும் மறக்காதீர்கள். குரல் நடுவில் சிறு புள்ளியாக நிற்க வேண்டும். அகன்று மிதந்தால் இரண்டும் சரியான ஜோடி இல்லை, அல்லது ஒன்றின் இணைப்பு தலைகீழாக இருக்கிறது.

ஐந்தாம் படி: கையும் கண்ணும்

பெட்டியின் பக்கப்பலகையை விரல் முட்டியால் தட்டுங்கள். குறுகிய, வறண்ட ஓசை நல்லது. நீண்டு ஒலித்தால் உள்ளே குறுக்குக் கட்டை இல்லாமல் இருக்கலாம். 40 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் சோதனை ஒலியைக் குறைந்த சத்தத்தில் ஓட்டினால், தளர்ந்த திருகும் ஒட்டாத கம்பியும் எந்த இடத்தில் என்று தாமே காட்டிக்கொடுக்கும். காந்தம் பெரிதாக இருப்பதை வைத்து மட்டும் மதிப்பிடாதீர்கள். நியோடிமியம் காந்தம் சிறிதாகவே இருக்கும்.

‘நூறு மணி நேரம் ஓடினால் பழகிவிடும்’ என்று விற்பவர் சொன்னால்? புதிய ஸ்பீக்கரில் கூம்பைத் தாங்கிப் பிடிக்கும் தொங்கல் சற்று இளகுவது உண்மைதான். அதனால் அடி ஒலி கொஞ்சம் மாறலாம். 3,000 ஹெர்ட்ஸில் கத்தும் கூம்பு அதனால் சாந்தமாகிவிடாது. இன்று கேட்கும் ஒலிக்குத்தான் விலை கொடுக்க வேண்டும்.

பழைய ஸ்பீக்கர் என்றால் இன்னும் சில சோதனைகள். மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5.5 முதல் 7 ஓம் வரை காட்ட வேண்டும். ஜோடியின் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கக் கூடாது. கூம்பின் எதிரெதிர்ப் பக்கங்களை விரல்களால் சமமாக, மெதுவாக அழுத்தி விடுங்கள். உரசும் ஓசை கேட்டால் வாய்ஸ் காயில் விலகியிருக்கிறது, அதை வாங்க வேண்டாம். நுரையாலான ஓரங்கள் காலப்போக்கில் பொடிந்துவிடும். ரப்பர், துணி ஓரங்கள் நீண்டகாலம் நிற்கும். 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையைச் சிவப்பு முனையிலும் எதிர்முனையைக் கறுப்பு முனையிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். இரண்டு கூம்புகளும் ஒரே திசையில், வழக்கமாக வெளியே, நகர வேண்டும். அல்நிகோ காந்தம் என்பதற்காகவே பழைய ஸ்பீக்கருக்குக் கூடுதல் விலை கேட்பார்கள். அந்தக் காந்தம் காலத்தாலும் தவறான பயன்பாட்டாலும் வலுவிழக்கக்கூடியது. காதால் கேட்காமல் அந்தப் பெயருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ஆறாம் படி: இந்த விலைக்குத் தகுமா?

உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் தனியாகவும் விற்கப்படுகிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் கிடைக்கும், அப்போது பெட்டிக்கும் உழைப்புக்கும் எவ்வளவு கேட்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். நீண்ட மடிப்புப் பாதை கொண்ட பேக்லோடட் ஹார்ன் பெட்டியில் மரவேலை மிகுதி, அதற்கு அதிக விலை நியாயம். சாதாரணச் செவ்வகப் பெட்டியில், ட்வீட்டரும் கிராஸ்ஓவரும் இல்லாத ஸ்பீக்கருக்கு நல்ல இரட்டை ஸ்பீக்கர்ப் பெட்டியைவிட அதிக விலை கேட்டால், குரலில் அந்த வித்தியாசம் பளிச்சென்று கேட்க வேண்டும். ஆகவே அதே விலையிலுள்ள இரட்டை ஸ்பீக்கர் ஒன்றையும் அதே அறையில், அதே சத்தத்தில் கேட்டே தீருங்கள். இந்த ஒப்பீட்டைச் செய்யாதவருக்கு ஃபுல்ரேஞ்சின் அருமையும் தெரியாது, போதாமையும் தெரியாது.

விலைச்சீட்டில் வராத செலவுகளையும் கூட்டுங்கள். உணர்திறன் 84 டெசிபல் என்றால் உங்கள் சிறிய ஆம்ப்ளிஃபயர் போதாமல் போகலாம். ஸ்டாண்ட் வேண்டும். கூம்பு பழுதானால் மாற்றுக் கூம்பு கிடைக்குமா என்று கேளுங்கள். ஒற்றைக் கூம்புப் பெட்டியில் அது போனால் எல்லாமே போனதுதான். வீட்டில் கேட்டுப் பார்த்துத் திருப்பித் தர அவகாசம் கொடுப்பவரிடம் சற்றுக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது தவறல்ல, ஏனெனில் பாதி ஒலியை உங்கள் அறைதான் தீர்மானிக்கிறது.

கடைசியில் இரண்டு ஜோடிகளில் எது என்று முடிவு எட்டவில்லை, திரைக்கு மறைவில் கேட்டபோதும் குரலில் வித்தியாசம் சொல்ல முடியவில்லை என்றால், விலை குறைந்ததை எடுங்கள். மிஞ்சும் தொகையை உறுதியான ஸ்டாண்டுக்குச் செலவிடுங்கள். அதன் பிறகும் மிச்சமிருந்தால் சப்வூஃபருக்கென்று ஒதுக்கி வையுங்கள்; ஆனால் ஸ்பீக்கர்களின் இடத்தையும் கோணத்தையும் சில வாரம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்த பிறகே அதை வாங்கப் போங்கள்.